கிடங்கிலே பலகை! கூரையிலே ஓட்டை!

கடையிலே கதவு இருக்கிறது, வாங்க ஆளில்லை. கிழவியின் வீட்டிலே வாசல் இருக்கிறது, கதவில்லை. இரண்டுக்கும் நடுவே எத்தனை கல் தொலைவு? தொலைவல்ல தோழர்களே தடுப்பது, விலை!

கட்டடப் பொருள் விற்கும் பெருங்கடைகளின் கிடங்குகளை எண்ணிப் பாருங்கள். கேட்டவர் சொன்ன நிறத்திலே கலந்து, அவர் வராததால் தங்கிவிட்ட பெயிண்ட். புது வடிவம் வந்ததும் மூலைக்குத் தள்ளப்பட்ட தரை ஓடு. அளவு மாறிச் செய்துவிட்ட சன்னல். இவை பழுதானவை அல்ல. விலை போகவில்லை என்பதே இவை செய்த குற்றம்! அதற்குத் தண்டனை, குப்பைமேடு!

மாற்றுவழி கண்டோர் உண்டு. 1991ஆம் ஆண்டு, கனடா நாட்டு வின்னிபெக் நகரிலே, எளியோர் வீடு பெற உதவும் 'ஹாபிடட் ஃபார் ஹியூமானிட்டி' அமைப்பினர் 'ரீஸ்டோர்' என்னும் கடையைத் திறந்தனர். மிஞ்சிய பொருளைக் கொடையாகப் பெற்றனர், மலிவாக விற்றனர், வந்த பணத்தை வீட்டுப் பணிக்குத் தந்தனர். இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் அத்தகைய கடைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன.

இன்னொரு வழியும் உண்டு. 1973இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து மிட்லண்ட் ஊரார், வசதியற்ற அண்டை வீட்டாரின் இல்லங்களைத் தாமே கூடிப் பழுதுபார்க்கத் தொடங்கினர். அந்த முயற்சியே 'ரீபில்டிங் டுகெதர்' என நாடெங்கும் வளர்ந்தது. இத்தகைய பணிக்குக் கொடுக்கும் பலகை, கல்லாப் பெட்டியைக் காணாமல் நேரே கூரை ஏறுகிறது.

"வணிகர்கள் அவ்வளவு வள்ளல்களா?" என்று கேட்பீர்கள். வள்ளன்மையும் உண்டு, வரிக்கணக்கும் உண்டு! 1976இல் அமெரிக்கா செய்த சட்டத்தின்படி, 100 டாலர் அடக்கமுள்ள, 180 டாலருக்கு விற்கும் கதவை ஒரு நிறுவனம் அறநிலையத்துக்குக் கொடுத்தால், வரிக்குரிய வருமானத்தில் 140 டாலர்வரை கழித்துக்கொள்ளலாம். குப்பையிலே எறிந்தாலோ, அடக்கவிலைதான் கழியும். ஆனால் ஒரு நிபந்தனை: பெற்றவர் அதை விற்கக்கூடாது, நோயாளி, ஏழை, குழந்தை ஆகியோரின் நலனுக்கே பயன்படுத்த வேண்டும்.

ஆகவே, கொடுத்தவருக்கு மாலையிடவும் வேண்டாம், வசைபாடவும் வேண்டாம். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: அந்த வரிச்சலுகை மக்களின் கருவூலத்திலிருந்து வருவது. எனவே பெறுபவன் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அவன் பெறுவது பிச்சையல்ல, பங்கு!

பங்கு என்றால் தரமும் வேண்டும். கெட்டித்துப்போன சிமெண்டையும் உறைந்துபோன பெயிண்டையும் தள்ளிவிட்டுக் கொடை என்று பெயர் சூட்டுவது, ஏழையின் வாசலைக் குப்பைமேடாக்கும் வேலை.

பிரான்சு நாடு இன்னும் ஒருபடி ஏறியது. விற்காத சரக்கை எரிப்பதையும் புதைப்பதையும் தடுக்க 2020இல் சட்டம் செய்தது. 2022 முதல் படிப்படியாக நடைமுறைப்படுத்தியது. கொடு, அல்லது மறுபடி பயன்படுத்து, அல்லது உருமாற்று என்கிறது அச்சட்டம். அருளை எதிர்பார்த்து நிற்கவில்லை, ஆணை பிறப்பித்தது!

எது விற்கும், எது தூசி படியும் என்பதைக் கிடங்கிலே மூட்டை அடுக்கும் தொழிலாளி அறிவான். அந்தக் கணக்கு முதலாளியின் பேரேட்டோடு முடிந்துவிடலாமா? ஊரறியச் சொல்வோம்! மிஞ்சியதைப் புதைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. ஒழுகும் கூரைக்கு அதிலே உரிமை உண்டு!