நாய் கடித்தால் முதல் ஓட்டம் குழாயடிக்கு

பென்னலூர், இருங்காட்டுக்கோட்டை பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் இரவு முழுக்க ஆள் நடமாட்டம் உண்டு. ஷிப்டு முடிந்து கம்பெனி வண்டியிலிருந்து இறங்குகிறவர்கள், விடுதிக்குத் திரும்பும் கல்லூரி மாணவர்கள், விடியுமுன் குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பும் தூய்மைப் பணியாளர்கள். இவர்களோடு நாய்களும் உண்டு. கேன்டீன் மிச்சமும் இறைச்சிக் கழிவும் எங்கே கொட்டப்படுகிறதோ அங்கேதான் நாய் கூடும். நம் ஊர்களில் அந்த இடம் பெரும்பாலும் ஊர்த்தெரு வாசலாக இருப்பதில்லை; காலனிக்குப் போகும் வழியாக, ஏரிக்கரையாக, சுடுகாட்டுப் பாதையாக இருக்கிறது. அதனால்தான் நாய்க்கடியைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதுகிறோம்.

2024-ம் ஆண்டில் தமிழகத்தில் பதிவான நாய்க்கடி சுமார் 4.80 லட்சம். வெறிநாய்க்கடி நோயான ரேபிஸால் இறந்தவர்கள் 43 பேர். நோய் அறிகுறி தெரிந்த பிறகு இதற்கு மருந்து இல்லை. அறிகுறிக்கு முன் சரியாகச் செய்தால் சாவும் இல்லை. கடிபட்ட நாளுக்கும் நோய் வரும் நாளுக்கும் நடுவில் பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று மாதம் இடைவெளி இருக்கும். சிலருக்கு சில வாரத்திலேயே வந்துவிடுகிறது. அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

கடித்த உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன் குழாயடிக்கு ஓடுங்கள். ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு, 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். துணி சோப்பானாலும் பரவாயில்லை. 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீளமான நேரம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். வைரஸ் முதலில் தங்குவது காயத்தில்தான். அங்கிருந்துதான் நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறது. குழாயில் ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீர் வரும் தெருக்களில் இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம் என்பது நமக்குத் தெரியும். குடத்துத் தண்ணீரை ஒருவர் விடாமல் ஊற்ற, இன்னொருவர் தேய்த்துக் கழுவலாம். குடிக்க வைத்த தண்ணீர் ஆயிற்றே என்று அன்றைக்கு யோசிக்க வேண்டாம்.

காயத்தில் மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள், பச்சிலை எதையும் வைக்காதீர்கள். கட்டும் போட வேண்டாம். மந்திரிக்கப் போகிற பெரியவர்களோடு சண்டை போட வேண்டியதில்லை. ஊசி போட்டுக்கொண்டு வந்து பிறகு மந்திரித்துக்கொள்ளட்டும்.

அடுத்தது ஊசி. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஸ்ரீபெரும்புதூர் அரசு மருத்துவமனையிலும் இது இலவசம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பழைய பயம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்த மருந்தை நாடு கைவிட்டு 20 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது கையில், தோலுக்குள் போடுகிறார்கள். முதல் நாள், அதிலிருந்து 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என்று நான்கு முறை போக வேண்டும். திங்கட்கிழமை தொடங்கினால் வியாழன், அடுத்த திங்கள், பிறகு தொடங்கிய நாளிலிருந்து நான்கு வாரம் கழித்து வரும் திங்கள் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் போட்டுக்கொள்ளலாம்.

தோல் கிழியாமல் வெறுமனே நக்கியிருந்தால் ஊசி தேவையில்லை. ரத்தம் வராத கீறலுக்குத் தடுப்பூசி போதும். ரத்தம் வந்திருந்தால், அல்லது இருக்கிற புண்ணிலோ வாயிலோ கண்ணிலோ நாயின் எச்சில் பட்டிருந்தால், தடுப்பூசியோடு 'இம்யூனோகுளோபுலின்' என்ற மருந்தையும் காயத்தைச் சுற்றியே போட வேண்டும். தடுப்பூசி உடம்பில் வேலை செய்யத் தொடங்கும்வரை இதுதான் காவல். நம் மக்கள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, கேட்காமல் வந்துவிடுகிறார்கள். உங்கள் ஊர் நிலையத்தில் அது இல்லையென்றால், காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனைக்கோ செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்பச் சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். முதல் ஊசி போட்ட 7 நாளுக்குள் போட்டால்தான் அதனால் பயன். 'நாலு பேர் சேரட்டும், குப்பியை உடைக்கிறோம், நாளைக்கு வா' என்று யாராவது சொன்னால் திரும்பி வராதீர்கள். 104-க்குப் போன் செய்து அங்கேயே கேளுங்கள்.

நான்கு நாள் என்றால் தினக்கூலிக்காரருக்கு நான்கு நாள் கூலி. முதல் ஊசியோடு பலர் நிறுத்திவிடுவது இதனால்தானே தவிர, அறியாமையால் மட்டும் அல்ல. ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தாலும் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் இ.எஸ்.ஐ. மருத்துவம் உங்கள் உரிமை. வேலை நேரத்தில் கடித்திருந்தால் அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். குப்பை அள்ளும்போது கடிபட்ட தூய்மைப் பணியாளருக்கும் இது பொருந்தும். மேஸ்திரி 'சின்னக் காயம்தானே' என்பார். எழுத வைத்துவிட்டு வாருங்கள்.

இந்த வைத்தியத்துக்கு நம் மாநிலத்திலேயே ஒரு கதை உண்டு. 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் வெறிநாய் கடித்து இறந்தார். அன்றைக்கு இதற்கான சிகிச்சை வடக்கே கசௌலியில்தான் இருந்தது. அந்தச் சாவு அரசை அசைத்தது. அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி பிப்ஸ் கொடுத்த பணமும் சேர, 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் திறந்தது. அதற்கு முன் பெயர் தெரியாமல் செத்த நம் பாட்டன் பூட்டன்களுக்காக யாரும் ஆஸ்பத்திரி கட்டவில்லை. ஆனாலும் கட்டிய பிறகு அதன் மருந்து எல்லோருக்கும் வந்தது.

நாய் விஷயத்திலும் சாதி உண்டு. தென் மாவட்டங்களில் சில ஊர்களில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததைத் தீண்டாமை ஒழிப்பு அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. பண்ணைவீட்டு நாய் அவிழ்ந்து வந்து கடித்தால் 'நீ ஏன் அந்தப் பக்கம் போனாய்' என்ற கேள்வி நமக்குத்தான் வருகிறது. வளர்ப்பு நாயை அடக்கி வைக்காமல் ஆபத்து விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவின் கீழ் 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. புகார் கொடுக்க ஆஸ்பத்திரிச் சீட்டு வேண்டும்.

மாணவர்களுக்கு ஒன்று. கடிபடுகிறவர்களில் சிறு பிள்ளைகள் நிறைய. நாய்க்குட்டி கீறினாலும், பூனை கடித்தாலும் அடி விழும் என்று பயந்து வீட்டில் மறைத்துவிடுகிறார்கள். தம்பி தங்கையின் காலில் பல் தடம் பார்த்தால் திட்டாமல் குழாயடிக்கு அழைத்துப் போங்கள்.

தெருநாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போடுவது, 2023-ம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி உள்ளாட்சியின் பொறுப்பு. அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கேட்கலாம். காலனி வழியில் கொட்டும் குப்பையை எங்கே மாற்றப்போகிறீர்கள் என்ற கேள்வியையும் அதே தீர்மானத்தில் எழுதச் சொல்லி, நகல் ஒன்று வாங்கி வையுங்கள்.