அழிப்பானும் டாஷ்போர்டும்

உங்கள் ஜியோமெட்ரி பெட்டியைத் திறந்து பாருங்கள். வெள்ளை வினைல் அழிப்பானும் பிளாஸ்டிக் ஸ்கேலும் பல மாதங்களாக ஒன்றின்மேல் ஒன்று கிடந்திருந்தால், இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். பிரித்தெடுத்தால் ஸ்கேலில் ஒரு பள்ளம்! யாரும் அதைச் சுடவில்லை, சுரண்டவும் இல்லை. அழிப்பானுக்குள் இருந்த எண்ணெய் போன்ற ஒரு பொருள் மெல்ல வெளியேறி ஸ்கேலை இளக்கிவிட்டது. பழைய கார்களின் டாஷ்போர்டு பாளம் பாளமாக வெடிப்பதிலும் இதே பொருளுக்குத்தான் பெரிய பங்கு.

எங்கள் வீட்டுப் பழைய காரின் டாஷ்போர்டில் ஒரு கோடையில் விரல் நீள வெடிப்பு ஒன்று கண்டது. உடனடியாக ஒட்டும் பசையை வாங்கி வந்து ஒட்டினேன். ஒரு மாதம் தாங்கியது. பிறகு பசை இருந்த இடத்திற்குச் சற்றுத் தள்ளிப் புதிதாக ஒரு வெடிப்பு! பசையின் மீது குற்றமில்லை. வெடிப்பு ஏன் வந்தது என்று யோசிக்காமல் ஒட்டியது என் குற்றம்.

பல டாஷ்போர்டுகள் மூன்று அடுக்குகளால் ஆனவை. அடியில் கெட்டியான சட்டம், நடுவில் பஞ்சு போன்ற பாலியூரித்தேன் நுரை, மேலே மெல்லிய வினைல் தோல். வினைல் என்பது பாலிவினைல் குளோரைடு. தண்ணீர்க் குழாயாக நாம் காணும் அதே சரக்குதான். குழாய் விறைப்பாக இருக்க, தோல் மட்டும் எப்படி மெத்தென்று இருக்கிறது? 1926-இல் அமெரிக்காவில் குட்ரிச் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டோ செமன் என்பவர், ரப்பரை உலோகத்தோடு ஒட்ட ஒரு பசை தேடினார். பாலிவினைல் குளோரைடை எளிதில் ஆவியாகாத ஒரு திரவத்தோடு சேர்த்துச் சூடாக்கினார். கிடைத்தது பசையல்ல; ரப்பர்போல் வளையும் ஒரு புதுப் பொருள். திரவத்தின் மூலக்கூறுகள் நீண்ட பிளாஸ்டிக் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து, அவை ஒன்றின்மீது ஒன்று வழுக்கிச் செல்ல இடம் கொடுக்கின்றன. இந்தத் திரவத்தை ‘இளக்கி’ என்று அழைப்போம்.

இளக்கி சங்கிலியோடு வேதிப் பிணைப்பால் கட்டுண்டதல்ல. சூடு ஏற ஏற அது வெளியேறும். 2018-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கோடை வெயிலில் கார்களை நிறுத்தி அளந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் டாஷ்போர்டின் சராசரி வெப்பநிலை 69 டிகிரி செல்சியசைத் தொட்டது. நிழலில் நின்ற கார்களிலோ சுமார் 48 டிகிரிதான். முன்கண்ணாடி இரு தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்துச் செய்யப்பட்டது. புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியை அது தடுத்துவிடும். ஆகவே டாஷ்போர்டுக்கு ஒளியைவிடச் சூடுதான் பெரிய பகை. இப்படி ஆவியாகும் இளக்கி எங்கே போகிறது? காரின் முன்கண்ணாடியை உட்புறமாக விரலால் தேய்த்துப் பாருங்கள். மங்கலான பிசுக்கு விரலில் வரும். அதில் ஒரு பங்கு டாஷ்போர்டிலிருந்து வந்ததே!

இளக்கியை இழந்த தோல் விறைக்கிறது, சுருங்கவும் பார்க்கிறது. ஆனால் ஓரங்கள் சட்டத்தோடு பிடிபட்டிருப்பதால் சுருங்க வழியில்லை. முரசுத் தோல் போல இறுகி நிற்கிறது. இந்த இழுவிசை, காற்றுத் துவாரங்களின் கூரிய மூலைகளில் குவிகிறது. அங்கேதான் முதல் கீறல் விழும். விழுந்த கீறலின் நுனி மூலையைவிடக் கூர்மையானது. ஆகவே மேலும் மேலும் கிழியும். கீறலின் நுனியில் தகைவு எப்படிப் பெருகுகிறது என்பதை 1913-இல் ஆங்கிலேயப் பொறியாளர் இங்கிலிஸ் கணக்கிட்டுக் காட்டினார்.

இனிப் பழுது பார்க்கும் வேலை எளிதாகப் புரியும். கீறலின் இரு நுனிகளிலும் சிறு வட்டத் துளை இட வேண்டும். கூர்மை போய்விட்டால் கீறல் முன்னேறுவது கடினம். பிறகு வெடிப்பின் புடைத்த ஓரங்களைச் சரிவாகச் சீவி, வளையக்கூடிய இருகலவைப் பூச்சால் நிரப்பி, உப்புத்தாள் கொண்டு தேய்க்க வேண்டும். தூள் மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொள்ளுங்கள். இத்தோடு நிறுத்திச் சாயம் பூசினால் சில மாதங்களில் கோடு மீண்டும் தெரியும். பழைய தோலின் இழுவிசை இன்னும் அங்கேயே இருக்கிறதே!

அதனால்தான் சீட் கவர் தைக்கும் கடைக்காரர்கள் மேலே புது ரெக்சின் போர்த்துகிறார்கள். ஆரஞ்சுத் தோலைக் கிழிக்காமல் தட்டையாக்க முடியுமா? முடியாது. தட்டையான தாளையும் மடிப்பு விழாமல் பந்தின்மேல் ஒட்ட முடியாது. கணித மேதை காஸ் 1827-இல் நிறுவிய தேற்றம் இதற்கு விளக்கம் தரும். தப்பிக்க ஒரே வழி, தாள் நீள வேண்டும். ஆகவே பின்புறம் பின்னல் துணி உள்ள, இழுத்தால் நீளும் ரெக்சினைக் கேட்டு வாங்குங்கள். தலைமுடி உலர்த்தியால் இளஞ்சூடு காட்டினால் வளைவில் படியும். ரப்பர்ப் பசையை இரு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்துதான் அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் கரைப்பான் உள்ளே சிக்கி, வெயிலில் கொப்புளமாகக் கிளம்பும். கார்க் கதவுகள் திறந்தே இருக்கட்டும். அந்த ஆவி தலையைச் சுற்றவைக்கும். நிறம் மங்கலான கறுப்போ சாம்பலோ போதும். பளபளப்பான வெளிர்நிறம் முன்கண்ணாடியில் பிரதிபலித்துப் பாதையை மறைக்கும்.

பணமே செலவழிக்க மனமில்லையா? தடித்த துணியை அளவாக வெட்டி விரித்தாலும் வெடிப்பு மறையும், நிழலும் கிடைக்கும். எனக்கு இதுவே பிடிக்கும்.

ஆனால் ஒரு காரில் மட்டும் இவற்றில் எதையும் செய்யாதீர்கள். பயணியின் முன்னே டாஷ்போர்டுக்குள் காற்றுப்பை உள்ள கார் அது. மோதல் நேர்ந்தால், ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்திற்குள் அந்தப் பை ஊதிப் பெருத்து வெளிவர வேண்டும். அது கிழித்துக்கொண்டு வருவதற்காகவே அங்கே தோலை வேண்டுமென்றே மெலிதாக விட்டிருப்பார்கள். அந்தக் கோட்டின்மேல் ரெக்சினையோ பூச்சையோ ஏற்றினால் பை தாமதமாகலாம், திசை மாறலாம். விரித்த துணியும் முகத்தில் அறையலாம். இந்தியாவில் 2021 முதல் புதுக் கார்களில் முன் பயணிக்கும் காற்றுப்பை கட்டாயமாகிவிட்டது. உங்கள் வீட்டுக் காரில் அது உண்டா என்று டாஷ்போர்டில் உள்ள எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். உண்டென்றால், அந்தப் பக்கத்து வெடிப்பை அதற்கென்று பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

அழிப்பானுக்கு அட்டை உறை போட்டு விற்பதற்கும் இளக்கி ஒரு காரணம். அந்த உறையை இனிமேல் கிழித்து எறியாதீர்கள்!