வீட்டு ஒலிப்பதிவும் பழைய ஒலிவாங்கியும்

தாய்த் தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களிலே குடியேறி வாழும் நம்மவர்க்கு, முன்னோர் வைத்துச் சென்ற செல்வங்களுள் முதன்மையானது அவர்களுடைய பேச்சேயாகும். கோலார் தங்கவயலில் இவ்வுண்மையை நாம் நாள்தோறும் உணர்கிறோம். வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்து, மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திலே பாறையை உடைத்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். 1880 முதல் நூற்றிருபது ஆண்டுக்காலம் பொன் ஈந்த சுரங்கங்கள், 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பெற்றன. கூண்டிலேறி நிலத்தின் அடிவயிற்றுக்குச் சென்று மீண்டவர்கள் இன்று ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்கள் பேசும் தமிழும், பாடும் தாலாட்டும் ஒப்பாரியும் அவர்களோடு மறைந்துவிடக் கூடாது என்று கருதி, வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்ய முனைவோர் பலர். அன்னோர் சிறு முதலில் நல்ல கருவி வேண்டிப் பழைய கண்டென்சர் மைக்ரோபோனை நாடுவது இயல்பு. அதனை ஆராய்ந்து வாங்கும் முறையை இங்கு விளக்குவோம்.

முதலில் அக்கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். கண்டென்சர் என்பது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் இரு தகடுகளின் இணை. மைக்ரோபோனில் ஒரு தகடு அசையாதது. மற்றொன்று மிக மெல்லிய படலம். நம் குரல் காற்றில் எழுப்பும் அதிர்வு படலத்தை அசைக்கின்றது. இரு தகடுகளுக்கும் இடையேயுள்ள தொலைவு மாறுவதனால் மின்னளவும் மாறுகின்றது. அந்நுண்ணிய மாற்றத்தை, உள்ளேயுள்ள வால்வோ டிரான்சிஸ்டரோ பெருக்கி வெளியே அனுப்புகின்றது. 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்திலே பணியாற்றிய வெண்ட் என்பார் இம்முறையைக் கண்டார். பெர்லினில் 1928இல் தொடங்கப்பெற்ற நியூமன் நிறுவனம், ஒலிபரப்புக்கு ஏற்ற கருவியாக அதனை வளர்த்தது.

அப்படலம் எத்துணை மெல்லியது? இக்காலத்துப் பெரிய படலங்கள் பலவும் ஏறக்குறைய ஆறு மைக்ரான் கனமே உடையவை. நம் தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பிளாஸ்டிக்கால் ஆன அப்படலத்தில் மின்சாரம் ஓட வேண்டுமே! அதற்காக அதன்மேல் பொன்னை ஆவியாக்கிப் பூசுகின்றனர். பொன் துருப்பிடிப்பதில்லை, மிக மெல்லியதாகப் பூசினாலும் மின்சாரத்தைக் கடத்தும். நம் பாட்டனார் எந்த உலோகத்தைத் தேடிப் பூமிக்குள் இறங்கினாரோ, அதே உலோகமே அவருடைய குரலை ஏந்தி நிற்கிறது என்பதை எண்ணும்போது உள்ளம் நெகிழாதிருக்குமா?

பழைய கருவி வாங்குவோர் விலை கொடுப்பது இப்படலத்தின் நலத்துக்கே. மேலுறையின் பளபளப்பும் முத்திரையின் பெருமையும் அடுத்தபடியே கருதத்தக்கவை. இதனை நாங்கள் பாடமாகக் கற்ற வரலாறு ஒன்றுண்டு. அண்டை வீட்டில் வாழ்ந்த முதியவர் ஒருவர், சுரங்கத்தில் தாம் கண்ட பாறை வெடிப்புகளைப் பற்றியும், கூண்டு இறங்கும்போது தோழர்கள் பாடிய பாட்டுகளைப் பற்றியும் சொல்வதில் வல்லவர். அவர் குரலைப் பதிவு செய்ய விரும்பி, நாங்கள் சிலர் பணம் சேர்த்தோம். மாரிகுப்பம் ரயிலேறிப் பெங்களூர் சென்று, ஒரு கடையில் பழைய மைக்ரோபோன் வாங்கினோம். இரைச்சல் மிகுந்த கடையிலே இரண்டு நிமிடம் பேசிப் பார்த்ததே எங்கள் சோதனை. மழைநாள் இரவில் முதியவரைப் பேச வைத்துப் பதிவு செய்தோம். மறுநாள் கேட்டபோது, கடுகு தாளிப்பது போன்ற வெடிப்பொலி பேச்சு முழுவதும் படர்ந்திருந்தது. படலத்தில் படிந்திருந்த அழுக்கும் ஈரமும் மின்னேற்றத்தைக் கசியவிட்டதே காரணம் என்று பின்னர் அறிந்தோம். பழுது பார்த்து முடிவதற்குள் முதியவர் நோயுற்றார், அக்குரல் மீளவில்லை. அவருடைய பேத்தி விளையாட்டாகத் தன் கைப்பேசியில் பதிந்து வைத்த நான்கு நிமிடப் பேச்சே இன்று எஞ்சியிருக்கிறது.

ஆதலால் கருவியைச் சோதிக்கும் முறையைக் கருத்துடன் கடைப்பிடித்தல் வேண்டும். நம்முடைய ஒலிப்பதிவு இணைப்புப் பெட்டி, கம்பி, காதில் பொருத்தும் ஹெட்போன் ஆகியவற்றை உடன் எடுத்துச் செல்லுதல் நலம். பெரும்பாலான கண்டென்சர் மைக்ரோபோன்களுக்கு 48 வோல்ட் மின்னூட்டம் தேவை. இவ்வளவு ஏற்பட்ட கதை சுவையானது. 1966இல் நார்வே நாட்டு வானொலி, ஒலிக்கம்பியின் வழியாகவே மின்சாரம் பெறும் மைக்ரோபோனை நியூமன் நிறுவனத்திடம் கேட்டது. அந்நிலையத்தில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் மின்சாரம் முன்பே இருந்தது. அதையே பயன்படுத்தினர், அதுவே உலக வழக்காயிற்று. நம் பெட்டியில் இவ்வசதி உண்டா என்பதை முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கருவியை இணைத்தபின் முதலில் பேசாமல் கேட்க வேண்டும். அமைதியான அறையில் மெல்லிய, சீரான சீற்றொலி கேட்பது இயல்பே. சொடுக்கும் ஒலியோ, விட்டுவிட்டு எழும் கரகரப்போ கேட்குமாயின் படலத்திலோ உறுப்புகளிலோ குறையுண்டு. சில குறைகள் சூடேறிய பின்னரே வெளிப்படும். ஆகவே கால் மணி நேரமாவது இயங்கவிட வேண்டும். பிறகு ஒரு சாண் தொலைவிலிருந்து இயல்பாகப் பேசுக. முன்புறம், பின்புறம், பக்கவாட்டு என்று சுற்றிவந்து பேசுக. முன்பக்க ஒலியை மட்டும் ஏற்கும் அமைப்பாயின், பின்புறமிருந்து பேசும்போது குரல் தெளிவாகக் குறைய வேண்டும். விசைகள் அனைத்தையும் ஒருமுறை மாற்றிப் பார்த்தல் அவசியம். வாயால் ஊதிச் சோதித்தல் கூடாது. மூச்சின் ஈரமும் வேகமும் படலத்தைக் கெடுக்கும்.

கண்ணுக்கும் வேலையுண்டு. கம்பிவலையில் நசுங்கல் காணப்பட்டால் கருவி கீழே விழுந்திருக்கலாம். வலையின் ஊடே விளக்கொளியைச் செலுத்திப் பார்த்தால், படலத்தில் சுருக்கம், எச்சில் புள்ளி, பொன் உதிர்ந்த இடம் ஆகியவை சில கருவிகளில் தெரியும். துடைத்துத் தருகிறேன் என்று விற்பவர் முன்வந்தால் இணங்காதீர்கள். அது கைதேர்ந்தவர் செய்யும் வேலை. புகழ்பெற்ற முத்திரைகளுக்குப் போலிகள் உண்டு. எடை, எழுத்தமைப்பு, வரிசை எண் ஆகியவற்றை உண்மைக் கருவியோடு ஒப்பிடுக.

மிகப் பழைய வால்வுக் கருவிகளில் எச்சரிக்கை இன்னும் வேண்டும். 1949இல் தோன்றிய நியூமன் யூ 47 பலரும் போற்றும் கருவி. அதில் அமைந்திருந்த, டெலிபுங்கன் நிறுவனம் செய்த விஎப் 14 என்னும் வால்வின் உற்பத்தி நின்று, கையிருப்பும் அருகியபோது, அம்மைக்ரோபோனின் உற்பத்தியும் 1960களில் முடிவுற்றது. அக்காலத்துப் படலங்களுள் சில, ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகி ஒலிநயம் குன்றுகின்றன. அன்றியும், வால்வுக் கருவிக்குத் தனி மின்பெட்டி தேவை; அது இல்லாதது எண்ணெயில்லா விளக்கை ஒக்கும். குடும்ப நினைவுகளைப் பதிவு செய்ய இத்தகைய கருவி வேண்டுவதில்லை. டிரான்சிஸ்டர் அமைந்த எளிய கருவி, நலமாயிருப்பின், போதும். புதியதன் விலையில் பாதிக்கு மேல் கேட்டால், உத்தரவாதத்துடன் புதியதையே வாங்குவது அறிவுடைமை.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். கண்டென்சர் மைக்ரோபோன் கூரிய செவியுடையது. வேண்டாத ஒலியையும் விடாது. தகடு வேய்ந்த லைன் வீடுகளில் மழையொலியும், ஒரே சுவருக்கு அப்பாலுள்ள அண்டை வீட்டுப் பேச்சும் பதிவாகும். விடியற்காலையில், மின்விசிறியை நிறுத்தி, சுவரோரம் ஜமுக்காளமும் மெத்தையும் தொங்கவிட்டுப் பதிவு செய்தல் நன்று. அதற்கும் வழியில்லையேல் காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட டைனமிக் மைக்ரோபோனே ஏற்றது. அது மலிவானது, உறுதியானது, அருகிலுள்ள குரலையே பெரிதும் ஏற்பது. வாங்கிய கருவியைச் சாம்பிராணிப் புகையிலிருந்தும், சயனைடு மேடுகளிலிருந்து காற்றில் வரும் நுண்தூளிலிருந்தும் காக்க வேண்டும். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்தால் ஈரம் அணுகாது.

இவ்வளவும் கூறியபின் முடிவாக ஒரு வேண்டுகோள். நல்ல கருவி கிடைக்கும்வரை பெரியோரின் குரல் காத்திராது. தங்கவயலிலோ, மும்பையிலோ, தில்லியிலோ உங்கள் இல்லத்தில் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பாராயின், கையிலுள்ள கைப்பேசியில் இன்றே பதிவைத் தொடங்குங்கள். ஆராய்ந்து வாங்கிய மைக்ரோபோன் பின்னர் வந்து சேரட்டும்.