கடையில் தொங்கும் மணி பிளான்ட்: பலன் தருவது அதிர்ஷ்டமா, பராமரிப்பா?

புறக்கோட்டை முதல் காத்தான்குடி வரை எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். காசாளர் மேசையின் ஓரத்திலோ கண்ணாடி ஷோகேஸின் மேலோ ஒரு போத்தலில் தண்ணீர் ஊற்றி மணி பிளான்ட் கொடியொன்று வைக்கப்பட்டிருக்கும். கொண்டுவந்து வைத்த நாளில் பச்சையும் மஞ்சளும் கலந்து அழகாக இருந்த கொடி, சில மாதங்களில் வெறும் பச்சையாகி, இலை சிறுத்து, கயிறு போல நீண்டு தொங்கும். கேட்டால், "அது தண்ணீரிலேயே வளரும், ஒன்றும் செய்யத் தேவையில்லை" என்பார் கடைக்காரர்.

இந்த எண்ணத்தினால் மூன்று நட்டங்கள் ஏற்படுகின்றன. கடையின் தோற்றம் கெடுகிறது. தேங்கிய தண்ணீரில் நுளம்பு பெருகி, கடையில் உள்ளவர்களுக்கும் அயலவருக்கும் ஆபத்தாகிறது. மூன்றாவது, அதே கொடியைக் கொண்டு செய்யக்கூடிய சிறு வருமானம் கைநழுவிப் போகிறது. செலவு மிகக் குறைந்த இந்தச் செடியை வீட்டிலும் கடையிலும் எவ்வாறு சரியாகப் பராமரிப்பது என்பதை எமது வர்த்தகர்கள் அறிந்து வைத்திருப்பது நல்லது.

பெயரில் மட்டும்தான் பணம்

மணி பிளான்ட் எமது நாட்டுச் செடி அல்ல. பசுபிக் சமுத்திரத்தில், பிரெஞ்சு பொலினீசியாவைச் சேர்ந்த மூரியா என்ற தீவே இதன் தாயகம். 1880இல் இதற்கு முதன்முதலில் தாவரவியல் பெயர் சூட்டப்பட்டபோது 'பொத்தோஸ்' இனத்தில் சேர்க்கப்பட்டது. இன்று அதன் தாவரவியல் பெயர் எபிப்ரெம்னம் ஓரியம் என்றாலும், வெளிநாட்டுச் சந்தையில் 'பொத்தோஸ்' என்ற பழைய பெயரே நிலைத்துவிட்டது.

இதை வைத்தால் பணம் சேரும், வாடினால் வியாபாரம் படுக்கும் என்றெல்லாம் சொல்வார்கள். பிறர் வீட்டுக் கொடியைக் கேட்காமல் வெட்டி எடுத்து வந்தால்தான் செழிக்கும் என்ற கதையும் உண்டு. கேட்டு வாங்கிய கொடியும் களவாக எடுத்த கொடியும் ஒரே மாதிரித்தான் வேர்விடுகின்றன. கேட்டால் ஒரு துண்டு கொடுக்க எவரும் மறுக்கப் போவதில்லை. அப்படியிருக்க, ஒரு முழக் கொடிக்காகப் பிறர் பொருளில் கை வைப்பானேன்?

விற்பனையாளர்கள் சொல்லும் இன்னொரு கதை, இது அறையின் காற்றைச் சுத்தம் செய்யும் என்பது. 1989இல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் வெளியிட்ட ஆய்வொன்றே இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. ஆனால் அந்த ஆய்வு நடந்தது காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டிகளுக்குள். இத்தகைய ஆய்வுகள் பலவற்றை மீளாய்வு செய்து 2019இல் வெளிவந்த கட்டுரையொன்று, சாதாரண கட்டடத்தில் ஜன்னல் வழி வரும் காற்று செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீற்றருக்குக் குறைந்தது 10 செடிகளாவது வேண்டும் என்று கணக்கிட்டது. கடைக்குள் சாமான் வைக்க இடம் இருக்காது! ஆகவே இதை அழகுக்காக வாங்குங்கள். காற்றுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

மஞ்சள் நிறம் ஏன் மறைகிறது?

இந்தச் செடியின் சந்தைப் பெறுமதி இலையில் உள்ள கலப்பு நிறத்தில்தான் இருக்கிறது. அந்த நிறம் ஏன் மறைகிறது என்பதை ஒரு குடும்பக் கணக்காக விளங்கிக்கொள்ளலாம். இலையின் பச்சைப் பகுதி வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரிக்கிறது; அது உழைக்கும் ஆள். மஞ்சள், வெள்ளைப் பகுதிகளில் பச்சையம் மிகக் குறைவு. அவை அந்த உழைப்பில் வாழ்பவை. வெளிச்சம் தாராளமாகக் கிடைத்தால் உழைப்பவர் எல்லோரையும் தாங்குவார். வெளிச்சம் குறைந்தால் குடும்பம் தாங்காது. அப்போது புதிதாக வரும் இலைகள் மேலும் மேலும் பச்சையாகவே வருகின்றன. நிறம் கூடிய கிளையை விடப் பச்சைக் கிளை வேகமாக வளர்ந்து, கடைசியில் சாடி முழுவதையும் பிடித்துவிடுகிறது.

எனவே முதல் மருந்து வெளிச்சம். மின்குமிழைப் போடாமல் பகலில் பத்திரிகை வாசிக்கக்கூடிய இடமாக இருந்தால் அது இச்செடிக்கு ஏற்ற இடம். கண்ணாடிக் கதவுக்கு அருகில் வைக்கலாம். ஆனால் நண்பகல் வெயில் நேரே விழக்கூடாது. விழுந்தால் இலை கருகும். புறக்கோட்டையின் குறுகிய கடைகளைப் போல் பகல் வெளிச்சமே புகாத இடமானால், நாள் முழுவதும் எரியும் வெள்ளை நிற எல்.ஈ.டி. விளக்குக்கு ஓரிரு அடி அருகில் தொங்கவிடுங்கள். இரண்டு சாடிகள் வைத்திருந்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒன்றைக் கடையிலும் மற்றதை வீட்டு விறாந்தையிலும் மாற்றி வைப்பது இன்னும் நல்ல வழி.

பச்சையாகிப் போன பழைய இலை மீண்டும் மஞ்சளாகாது. அந்தக் கொடியைப் பின்னோக்கிப் பார்த்து, நல்ல நிறமுள்ள கடைசி இலைக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். அந்த இலையடியிலிருந்து வரும் புதிய தளிர் பெரும்பாலும் நிறத்தோடு வரும். வெள்ளை அதிகமுள்ள 'மார்பிள் குயின்' போன்ற வகைகளுக்கு வெளிச்சம் இன்னும் கூடுதலாக வேண்டும். அவை வளர்வதும் மெதுவாகத்தான்.

தண்ணீரும் மண்ணும்

வீட்டிலும் கடையிலும் இச்செடி சாவதற்குப் பிரதான காரணம் தண்ணீர் குறைவு அல்ல, தண்ணீர் கூடுதல். "இன்று ஊற்றினாயா?" என்று முதலாளி கேட்பார் என்பதற்காகக் கடைப் பையன் தினமும் ஊற்றுவான். வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும், இலைகள் அடியிலிருந்து மஞ்சளாகி உதிரும். அதைப் பார்த்து தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவார்கள்.

விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால், சாடியின் அடியிலுள்ள துவாரத்தால் வடியும் வரை ஊற்றி, தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். பெருநாள் விடுமுறைக்கு நான்கைந்து நாட்கள் கடை பூட்டியிருந்தாலும் நன்றாக நனைத்த சாடி தாங்கும்.

தோட்டத்துக் களிமண்ணை அப்படியே நிரப்ப வேண்டாம். மண், தும்புத்தூள், கூட்டெரு மூன்றையும் சம அளவில் கலந்து, சிறிது ஆற்று மணலும் சேர்த்தால் போதுமானது. புதிய தும்புத்தூளில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பாவியுங்கள். மாதம் ஒரு முறை திரவப் பசளையைப் பைக்கற்றில் சொல்லப்பட்ட அளவில் பாதியாகக் கரைத்து ஊற்றலாம். கோப்பையில் மிஞ்சும் தேநீரைச் சாடியில் ஊற்றும் பழக்கத்தைக் கைவிடுங்கள். சீனி எறும்பை அழைத்து வரும்.

கடைத்தெருவின் தூசு இலையில் படிந்தால் வெளிச்சம் உள்ளே போகாது. வாரம் ஒரு முறை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். அப்போதே இலையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு போல் பூச்சி ஒட்டியிருந்தால், சிறிதளவு சவர்க்காரம் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து எடுக்கலாம். ஏ.சி. காற்று நேரே படும் இடத்தில் இலை ஓரங்கள் காயும். நுவரெலியா போன்ற குளிர் பிரதேசங்களில் இரவில் ஜன்னலோரத்திலிருந்து உள்ளே எடுத்து வைப்பது நல்லது.

போத்தலில் வைப்பவர்கள் கவனத்துக்கு

இந்த விடயத்தை எவரும் அலட்சியம் செய்யக்கூடாது. டெங்கு நுளம்பு பெருகுவதற்கு ஒரு போத்தல் தண்ணீரே போதும். எமது வெப்பநிலையில் முட்டை நுளம்பாக மாற ஏறக்குறைய 7 முதல் 10 நாட்களே செல்லும். 2017ஆம் ஆண்டில் மாத்திரம் எமது நாட்டில் 186,000இற்கும் அதிகமான டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். 400இற்கும் அதிகமானோர் மரணித்தனர். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ், தமது இடத்தில் நுளம்பு பெருக இடமளிக்காதிருப்பது அந்த இடத்தின் உரிமையாளர் அல்லது பாவனையாளரின் பொறுப்பாகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து போத்தலில் குடம்பியைக் கண்டால் வழக்கு கடைக்காரர் மீதுதான் வரும்.

தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. இந்த நுளம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டிவிடுகிறது. அம்முட்டைகள் தண்ணீர் இல்லாமலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். எனவே வாரம் தவறாமல், உதாரணமாக ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்குக் கடை பூட்டும் முன், போத்தலின் உட்புறத்தைத் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். அது முடியாதென்றால், நீர்மட்டத்துக்கு மேல் வரும்வரை போத்தலைச் சிறு கற்களால் நிரப்புங்கள். அதைவிடச் சிறந்தது மண் சாடிக்கு மாற்றுவதே. கொடியும் அதில் கூடுதல் செழிப்பாக வளரும்.

ஒரு கொடியிலிருந்து ஒரு சிறு தொழில்

வீட்டிலிருக்கும் பெண்களோ பாடசாலை விட்டு வந்த பிள்ளைகளோ செய்யக்கூடிய சுயதொழில் இது. முதலில் கணுவை அடையாளம் காணுங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் சிறு பழுப்பு நிற வேர் முளை தெரியும். கணு இல்லாத தனி இலை தண்ணீரில் வேர்விடக்கூடும், ஆனால் புதிய கொடி வராது. ஒவ்வொரு கணுவுக்கும் மேலும் கீழும் சிறிது தண்டு விட்டு, ஒரு துண்டுக்கு ஓர் இலை வீதம் வெட்டி, ஈரமான தும்புத்தூளில் நிழலில் வைத்தால் இரண்டு மூன்று வாரங்களில் வேர்விடும்.

100 துண்டுகள் வைத்து 10 அழுகினாலும் 90 மிஞ்சும். ஒரு சாடிக்கு நான்கு வீதம் நட்டால் 22 சாடிகள் நிறைவாகத் தெரியும். சாடிக்கு ஒரே துண்டு நட்டால் நோஞ்சான் கொடியாகவே நின்று விலை போகாது. வெட்டும்போதே நிறமுள்ள துண்டுகளை மட்டும் தெரிவு செய்யுங்கள். பச்சைத் துண்டு பச்சைக் கொடியையே தரும். விலை தீர்மானிக்கும்போது சாடி, கலவை, அழுகிப் போனவை, போக்குவரத்து, இரண்டு மூன்று மாத உழைப்பு அனைத்தையும் சேருங்கள். தண்டு இலவசம் என்பதற்காக உழைப்பையும் இலவசமாகக் கொடுக்க வேண்டாம்.

வெளிநாட்டுக்கு அனுப்ப எண்ணுபவர்கள் முதலில் கட்டுநாயக்கவிலுள்ள தேசிய தாவரத் தொற்றுநீக்கற் சேவையை அணுக வேண்டும். தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் ஏற்றுமதி சரிவராது. மண் ஒட்டிய செடிகளைப் பல நாடுகள் ஏற்பதில்லை. புதிய கலப்பு நிற வகைகள் சிலவற்றுக்கு அமெரிக்கா போன்ற நாடுகளில் காப்புரிமை உண்டு. 'மார்பிள் குயின்' வகையிலிருந்து புளோரிடா பல்கலைக்கழகம் உருவாக்கிய 'பேர்ள்ஸ் அன்ட் ஜேட்' அவற்றில் ஒன்று. உரிமையாளரின் அனுமதியின்றி அத்தகைய வகைகளைப் பெருக்கி அந்நாடுகளுக்கு விற்பது பிறர் உரிமையைப் பறிப்பதாகும்.

இரண்டு எச்சரிக்கைகள்

மணி பிளான்ட் இலையிலும் தண்டிலும் கண்ணுக்குத் தெரியாத ஊசி போன்ற பளிங்குகள் உள்ளன. மென்றால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். தவழும் குழந்தைகளுக்கும் பூனைகளுக்கும் எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். விற்கும்போது வாங்குபவருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். பொருளின் குறையை மறைத்து விற்பது எமக்கு அழகல்ல. வெட்டும்போது சாறு பட்டுத் தோல் அரிக்கக்கூடும் என்பதால் கையுறை அணிவது நல்லது.

மற்றது, வெட்டிய மிச்சத்தைக் காணியிலோ ஆற்றோரத்திலோ எறியாதீர்கள். வீட்டுக்குள் அடக்கமாக இருக்கும் இக்கொடி, மண்ணும் மரமும் கிடைத்தால் மரத்தில் ஏறி, முழ நீள இலைகளை விட்டுப் படரும். கண்டி உடவத்தகெலே வனத்தில் பல ஹெக்டயர் நிலத்தை மூடி, உள்நாட்டுச் செடிகளை வளரவிடாமல் செய்துவிட்டது. மிச்சத்தை நன்றாக வெயிலில் காயவைத்த பின்னரே அகற்றுங்கள்.

கடைக்கு வருபவர் சாமான்களின் விலையைக் கேட்கும் முன் கடையின் நிலையைப் பார்க்கிறார். தூசு படிந்து, பச்சைத் தண்ணீர்ப் போத்தலில் வாடி நிற்கும் கொடி அவருக்குச் சொல்லும் செய்தி நல்லதல்ல. வாரத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் இவையனைத்தையும் செய்து முடிக்கலாம். நாளைக் கடை திறந்ததும் முதல் வேலையாக அந்தப் போத்தலைக் கையில் எடுத்துப் பாருங்கள்.