பருவத்துக்கேற்ற பூரணம்: கடை வாசலில் ஒரு டோஸ்ட் அடுப்பு

மளிகைக் கடை வைத்திருக்கும் அன்பர்களுக்கு இரவு எட்டு மணிக்குப் பிரெட் அலமாரியைப் பார்த்தால் வயிறு எரியும். காலையில் வந்த பிரெட்டில் கால்வாசி அப்படியே இருக்கும். மறுநாள் வாடிக்கையாளர் பாக்கெட்டை அமுக்கிப் பார்ப்பார், தேதியைப் பார்ப்பார், "இன்னிக்கு வந்தது இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். எங்கள் தெருவுக்கு எதிரே பெரிய கடை ஒன்று வந்த பிறகு இந்தத் தொல்லை இரட்டிப்பாயிற்று. பிரெட் வண்டிக்காரர் மீந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழக்கமும் எங்களுக்கு இல்லை. வாங்கினால் வாங்கியதுதான்.

இதற்கு ஒரு வழியாகத்தான் கடை வாசலில் டோஸ்ட் அடுப்பு போட்டோம். தொடங்கியது பிரெட்டைக் காப்பாற்றுவதற்காக. ஆனால் இரண்டு வருடம் நடத்தியதில் தெரிந்துகொண்டது வேறு. இந்தத் தொழிலில் லாபமும் நட்டமும் பிரெட்டில் இல்லை, உள்ளே வைக்கும் பூரணத்தில் இருக்கிறது. அந்தப் பூரணத்தை எந்த மாதத்தில் எதைக்கொண்டு செய்கிறோம் என்பதில் இருக்கிறது.

நாம் சொல்வது மின்சாரத்தில் குதித்து வரும் டோஸ்ட் அல்ல. இரண்டு பிரெட் துண்டுகளுக்கு நடுவே பூரணம் வைத்து, கீல் போட்ட இரண்டு அலுமினியத் தகடுகளுக்குள் அடக்கி, நீண்ட கைப்பிடியை அழுத்திக் கொக்கி மாட்டி, அடுப்பில் திருப்பித் திருப்பிச் சுடுவது. எந்தப் பாத்திரக் கடையிலும் இந்தக் கருவி கிடைக்கும். தகட்டின் விளிம்பு பிரெட்டின் ஓரத்தை நசுக்கி ஒட்டிவிடும். உள்ளே இருப்பது வெளியே வராது. பம்பாய்த் தெருக்களில் உருளைக்கிழங்கு, பீட்ரூட், வெள்ளரி, பச்சைச் சட்னி வைத்து இதே கருவியில் சுட்டுத் தருவதைப் பார்த்திருப்பீர்கள். ஆஸ்திரேலியாவில் இதன் பெயர் ஜாஃபிள். 1949-இல் சிட்னி நகரின் பாண்டைப் பகுதியில் இந்த இரும்புக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1974-இல் பிரெவில் என்ற அந்நாட்டு நிறுவனம் மின்சாரத்தில் இயங்கும் மாதிரியைக் கொண்டுவந்தது. நமக்கு அடுப்பில் வைக்கும் பழைய மாதிரியே போதும். மின்தடை நாளிலும் கடை நடக்கும்.

முதல் வாரத்தில் பட்ட பாடு

தக்காளி மலிவாகக் கிடந்த நேரம். வட்டமாக நறுக்கி, வெங்காயமும் மிளகுத் தூளும் தூவி, மூடிச் சுட்டோம். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர்தான். மூடிய தகட்டுக்குள் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போக வழியில்லை. பாதி டோஸ்ட்டுகள் ஓரம் வெடித்துப் பிளந்தன. வெடிக்காத ஒன்றை வாங்கிய பள்ளிக்கூடப் பையன் ஆவலாய் ஒரு கடி கடித்தான். வெளியே பிடிக்கும் சூடுதான், உள்ளே கொதிக்கும் குழம்பு. உதடு வெந்து கண்ணீர் கொட்டிவிட்டது. அவனுடைய ஆச்சி மறுநாள் வந்து, "பிள்ளைக்குக் குடுக்கிறதை ஆத்திக் குடுக்கத் தெரியாதா அண்ணாச்சி?" என்று நாலு பேர் முன்னிலையில் கேட்டார். பதில் சொல்ல வாயில்லை.

அன்றிலிருந்து இரண்டு வழக்கம் வைத்தோம். டோஸ்ட்டைக் குறுக்கே வெட்டி, ஆவி போக இரண்டு நிமிடம் பொறுத்துத்தான் கையில் கொடுப்பது. ஈரமுள்ள எதையும் பச்சையாக உள்ளே வைக்காதது. தக்காளியா, அகலமான சட்டியில் போட்டுக் கால் பங்காக வற்றும்வரை கிளறித் தொக்காக்கி, ஆறவைத்து, பிரெட்டில் மெல்லியதாகத் தடவுவது. வெள்ளரியா, உப்புப் போட்டுப் பிழிந்துவிட்டு வைப்பது. பூரணத்தை உருட்டிப் பார்த்தால் உருண்டையாக நிற்க வேண்டும். உள்ளங்கையில் ஈரம் ஒட்டக்கூடாது. நம் வீட்டுப் பெண்கள் போளிக்குப் பூரணம் உருட்டும் பக்குவம் எதுவோ அதுவே இதற்கும் பக்குவம்.

பூரணம் நன்றாக ஆறியிருக்க வேண்டும் என்பதும் முக்கியம். சூட்டோடு வைத்தால் பிரெட் நனைந்து கிழிந்துவிடும். நடுவில் வைத்து, நான்கு ஓரத்திலும் விரல் அகலம் விட வேண்டும். ஆசைப்பட்டு அதிகம் அடைத்தால் ஓரம் ஒட்டாது. வெண்ணெயை வெளிப்பக்கம் தடவ வேண்டும். உள்ளே தடவினால் தகட்டில் பிரெட் ஒட்டிக்கொள்ளும். நடுத்தரத் தீயில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் வெளியே கருகும், உள்ளே சில்லென்று இருக்கும்.

இங்கே ஒரு நல்ல செய்தி. அன்றன்று வந்த மெத்தென்ற பிரெட் இதற்கு உகந்ததல்ல. அழுத்தினால் மாவாகப் பிசுபிசுக்கும். ஒரு நாள் இருந்து சற்று இறுகிய பிரெட்தான் வடிவாக வரும். வாடிக்கையாளர் அமுக்கிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிற அந்த இரண்டாம் நாள் பிரெட்!

பட்டாணிக் கணக்கு

எங்கள் ஊர் விலையில் போட்ட கணக்கு இது. உங்கள் ஊரில் எண்கள் மாறும். போடும் முறை மாறாது.

400 கிராம் பிரெட் கொள்முதல் 40 ரூபாய். பதினாறு துண்டில் இரண்டு முனைத் துண்டுகள் போக ஏழு டோஸ்ட். ஆக ஒரு டோஸ்ட்டுக்குப் பிரெட் 5 ரூபாய் 70 காசு. வெண்ணெய் 5 கிராம், 2 ரூபாய் 90 காசு. பூரணம் 50 கிராம்: உருளைக்கிழங்கு 30 கிராம், உரித்த பட்டாணி 20 கிராம். மார்கழி, தை மாதங்களில் பச்சைப் பட்டாணி கிலோ 40 ரூபாய்க்குக் கிடைக்கிறது. உரித்தால் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே தேறும் என்பதால், 20 கிராமுக்கு 1 ரூபாய் 80 காசு ஆகிறது. கிழங்கு 90 காசு, வெங்காயம் எண்ணெய் மசாலா ஒரு ரூபாய். எரிவாயு, இலை, காகிதம் என்று 1 ரூபாய் 70 காசு. மொத்தம் 14 ரூபாய். விற்பது 30 ரூபாய். மீதி 16 ரூபாய்.

மாலையில் நாற்பது டோஸ்ட் போனால் 640 ரூபாய். அடுப்படியில் நிற்கும் பையனுக்கு 300 கொடுத்தால் 340 ரூபாய் கல்லாவில் நிற்கும். கூடவே ஆறு பாக்கெட் பிரெட்டும் போய்விடும்.

அதே பட்டாணி டோஸ்ட்டை ஆடி மாதத்திலும் விடாமல் போட்டோம், கேட்கிறார்களே என்று. அப்போது பட்டாணி கிலோ 200 ரூபாய். இருபது கிராமுக்கு ஏறக்குறைய 9 ரூபாய் ஆகிவிடுகிறது. அடக்கம் 21 ரூபாய்க்கு ஏறி, மீதி 9 ரூபாயாகக் குறைந்தது. நாற்பது டோஸ்ட்டுக்கு 360. பையன் கூலி 300 போக அறுபது ரூபாய். வேலை அதேதான், கூட்டமும் அதேதான். ஒரு மாதம் கழித்து நோட்டைப் புரட்டிய பிறகுதான் இது கண்ணில் பட்டது. விலையைக் கூட்டலாமே என்பீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளை முப்பது ரூபாயை எண்ணிக்கொண்டு வருகிறது. முப்பத்தேழு என்றால் அடுத்த கடைக்குப் போகும்.

ஆகவே விலையை நிறுத்திவிட்டுப் பூரணத்தை மாற்றுவது என்று முடிவு செய்தோம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசே நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்கும்படி ஆனதை மறந்திருக்க மாட்டீர்கள். அடுத்த சில வாரங்களில் அதே தக்காளி தரைதட்டியது. இப்படி ஆடும் சரக்கை ஆண்டு முழுவதும் நம்பிப் பெயர்ப்பலகை எழுதுவது வியாபாரமல்ல.

தை மாதத்தில் பச்சை மொச்சை வரும். வேகவைத்துச் சின்ன வெங்காயம், மிளகு சேர்த்து மசித்தால் இதைவிட நல்ல பூரணம் இல்லை என்பது எங்கள் கட்சி. அதே மாதம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு மலிவு. மசித்து வெல்லம், ஏலம், தேங்காய்த் துருவல் சேர்த்தால் போளிச் சுவை வந்துவிடும். ஆனால் வெல்லம் உருகினால் தக்காளியைவிட மோசமாகச் சுடும். இதற்கு மட்டும் நான்கு நிமிடம் ஆறவிடுகிறோம். சித்திரை, வைகாசியில் பண்ருட்டிப் பலா வந்துவிட்டால், சுளையைப் பொடியாக நறுக்கி நெய்யில் வதக்கிச் சுருட்டி வைத்துக்கொள்ளலாம். கேரட் வரத்துள்ள நாளில் துருவிப் பிழிந்து மிளகுத் தூளோடு. முருங்கைக்காய் மலிந்து கிடந்தபோது சதையைச் சுரண்டிச் செய்தும் பார்த்தோம். சுவை அபாரம், சுரண்டிய கை ஓய்ந்துபோய் இரண்டாம் நாளே விட்டுவிட்டோம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காய்கறி எல்லாமே எட்டாத விலை. அப்போது நம் கடை மூட்டையே கைகொடுக்கும். கொண்டைக்கடலையையும் காய்ந்த பட்டாணியையும் இரவே ஊறவைத்துச் சுண்டல் பக்குவத்தில் வேகவைத்து மசித்தால் போதும். மழை நேரத்தில் சூடாக எது கொடுத்தாலும் விற்கும். மலிவு என்பதை மட்டும் பார்த்தும் ஏமாறக்கூடாது. புரட்டாசியில் முட்டை விலை இறங்குகிறதே என்று முட்டை டோஸ்ட் எழுதி வைத்தோம். முட்டை இறங்குவதே சாப்பிடுகிறவர்கள் விரதம் இருப்பதால்தான் என்பது அடுப்பைப் பற்றவைத்த பிறகு உறைத்தது!

மாவில் மூடிய சின்னப் பலகாரம்

மேல்நாட்டில் பை என்கிறார்கள். துணிப்பையை நினைக்க வேண்டாம். மாவுக்குள் பூரணம் வைத்து மூடி அடுமனையில் சுடும் சின்னப் பலகாரம் அது. நமக்குச் சோமாசும் பஃப்சும் பழக்கம். அதே டோஸ்ட் கருவியில் இதையும் செய்யலாம். மைதாவில் உப்பும் வெண்ணெயும் விரவி, குளிர்ந்த நீரில் கெட்டியாகப் பிசைந்து அரைமணி மூடி வைத்து, சப்பாத்தியைவிடச் சற்றுக் கனமாகத் தேய்த்து, தகட்டுக் குழியில் விரித்துப் பூரணம் வைத்து, மேலே இன்னொன்றால் மூடிச் சிறு தீயில் பக்கத்துக்கு ஐந்து நிமிடம். எண்ணெய்ச் சட்டி வேண்டாம். காய்ந்த எண்ணெயை என்ன செய்வது என்ற கவலையும் இல்லை.

பிரெட் டோஸ்ட் பத்து நிமிடத்தில் தொய்ந்துவிடும். கேட்டபின்தான் சுட வேண்டும். இதுவோ சில மணி நேரம் மொறுமொறுப்பாக நிற்கும். மூன்று மணிக்கே சுட்டு வைத்துவிட்டால் நாலரைக்குப் பள்ளி விடும்போது வரிசை தேங்காது.

மலிவும் கழிவும்

இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். ஒருநாள் பிரெட் பாக்கெட்டில் ஒரே ஒரு துண்டில் பொட்டுப்போல் வெள்ளைப் பூசணம் இருந்தது. தேதி முடியவில்லை. "அந்தத் துண்டை மட்டும் எடுத்துப் போட்டுட்டு மத்ததைச் சுட்டுரலாமே?" என்றான் தம்பி. கண்ணுக்குத் தெரிவது பொட்டுதான். அதன் இழை மிருதுவான பிரெட்டுக்குள் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. முழுப் பாக்கெட்டையும் குப்பையில் போட்டோம். 40 ரூபாய் நட்டம், சரி. மூடிச் சுடும் பலகாரத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. கடைக்காரர் முகத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார். சந்தையில் வரத்து மிகுந்து விலை இறங்கிய காய் மலிவு. கூடையின் அடியில் அழுகத் தொடங்கிய காய் கழிவு. முதலாவதைத்தான் பூரணமாக்கலாம்.

வேகவைத்த பூரணத்தை மாலைவரை வெளியே வைப்பதும் ஆபத்து. சித்திரை வெயிலில் உருளைக்கிழங்கு மதியத்துக்குள் நொசநொசத்துவிடும். குளிர்பெட்டியில் ஐந்து டிகிரிக்குள் வைத்து, வேண்டிய அளவு மட்டும் வெளியே எடுக்க வேண்டும். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸ் பக்கம் போகவே வேண்டாம். 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசு அதைத் தடை செய்ததற்குக் காரணம் உண்டு.

சட்ட விஷயங்கள் சுருக்கமாக. மளிகை விற்கப் பெற்ற உணவுப் பாதுகாப்புப் பதிவு, சமைத்து விற்பதற்குப் போதாது. அதில் இந்தத் தொழிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுச் சிலிண்டரைக் கடையில் வைத்தால் பறிமுதல். 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான் வேண்டும். செய்தித்தாளில் மடித்துக் கொடுக்கக் கூடாது. பிளாஸ்டிக் பூசிய தட்டும் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை. வாழையிலைத் துண்டு மேல், செலவும் குறைவு. வெண்ணெய், சீஸ் மீதான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. பழைய விலையிலேயே சரக்குப் போடுகிறவரிடம் கேட்டு வாங்குங்கள்.

முனைத் துண்டுகளைக் காயவைத்துப் பொடித்துக் கட்லெட் தூளாகக் கால் கிலோப் பொட்டலம் போடுகிறோம். அதுவும் போகிறது.

எங்கள் கடை வாசலில் இப்போது பெயர்ப்பலகை இல்லை, கரும்பலகைதான். மாசி முடிந்து பட்டாணி வரத்துக் குறைந்ததும் அந்த வரியை ஈரத்துணியால் துடைத்துவிடுகிறோம். "பட்டாணி டோஸ்ட் இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்கிறவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள். கார்த்திகை கழியட்டும் என்கிறோம். அந்தப் பையனும் வருகிறான். வாங்கியதும் நடுவில் ஊதிவிட்டுத்தான் கடிக்கிறான்.