பீரங்கி சுட்டது… ஊர்கள் கைமாறின! கடலூர் கோட்டையின் கதை தெரியுமா?

கடலூர் சில்வர் பீச்சில் சுண்டல் கொறித்துக்கொண்டு அலையில் கால் நனைத்திருப்பீர்கள். அதே தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலில் சேரும் இடத்துக்கு அருகேதான் புனித டேவிட் கோட்டை நின்றது. அதன் பீரங்கிகள் ஊர் எல்லையை வகுத்தன, அதன் மதில்கள் சாம்ராஜ்யத்துக்கு ஆள் தயார் செய்தன. கடைசியில் ஓர் உலகச் சண்டையின் இறுதி மோதலும் இதே கடலூரில்தான்!

குண்டுதான் சர்வேயர்!

நிலம் வாங்கினால் சங்கிலி பிடித்து அளப்பார்கள். 1690இல் கடலூரை அளந்தது பீரங்கி! சிவாஜியின் மகன் ராஜாராம் அப்போது செஞ்சியில் இருந்தார். முகலாயப் படை நெருக்க, மராட்டியர்களுக்குப் பணம் அவசரமாகத் தேவைப்பட்டது. மதராஸ் கவர்னர் எலிஹு யேல் கோட்டைக்கு விலை பேசினார். கோட்டை மட்டுமல்ல, அங்கிருந்து சுட்டால் குண்டு எட்டும் தூரம் வரையுள்ள நிலமும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கே என்று பேச்சு! குண்டு எவ்வளவு தூரம் போகும்? அது சுடுபவரின் சாமர்த்தியம். மருந்தைச் சரியாகக் கெட்டித்து, குழாயை நன்றாக நிமிர்த்திச் சுட்டால், படுக்கை வாட்டில் சுடுவதைவிடப் பல மடங்கு தூரம் பாயும். அந்த செப்டம்பரில் வெவ்வேறு திசைகளில் சுட்டார்கள். எல்லைக்குள் சிக்கிய ஊர்களெல்லாம், கடலூர் பழைய நகரம் உட்பட, கம்பெனி வசம்! அவற்றுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது. குண்டு உப்பலவாடி என்ற ஊர் இன்றும் கடலூரை ஒட்டி இருக்கிறது.

யேல்… அந்த யேலேதான்!

ஆமாம், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரில்தான் இருக்கிறது! ஊழல் புகாரில் 1692இல் கவர்னர் பதவி பறிபோனாலும், மதராஸில் சேர்த்த செல்வம் குறையவில்லை. 1718இல் கனெக்டிகட்டில் இருந்த ஒரு சிறு கல்லூரிக்கு 9 மூட்டைச் சரக்கும், 417 புத்தகங்களும், இங்கிலாந்து அரசரின் படமும் அனுப்பினார். சரக்கை விற்ற காசில் கட்டடம் எழும்பியது. கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது.

மதராஸுக்கே தலைமை இடம்!

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்தார்கள். உடனே சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் எது? கடலூர்! 1752 வரை அதிகாரம் இங்கேதான். மதராஸிலிருந்து நம்மூர் உடையில் மாறுவேடமிட்டுத் தப்பிவந்த இளம் குமாஸ்தா ஒருவர் இங்கே பேனாவை வைத்துவிட்டு வாள் எடுத்தார். அவர்தான் ராபர்ட் கிளைவ்! 'இந்திய ராணுவத்தின் தந்தை' எனப்படும் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் 1748இல் வந்து இறங்கியதும் இதே கோட்டையில். 1756இல் கிளைவ் இதன் கவர்னர் பொறுப்பில் இருந்தபோதுதான் கல்கத்தா பறிபோன செய்தி வந்தது. அடுத்த ஆண்டு பிளாசிப் போர். மீதி, பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கிறது!

ஒரே மாதத்தில் தரைமட்டம்!

1758 ஏப்ரல் 28இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கரையிறங்கினார். ஆங்கிலேயரின் இரண்டு போர்க்கப்பல்கள் கடலூர்க் கரையில் மாட்டிக்கொண்டன. எதிரி கையில் சிக்கக் கூடாதென்று மாலுமிகளே அவற்றுக்குத் தீ வைத்துவிட்டுக் கோட்டைக்குள் ஓடினார்கள்! லாலியின் ஆட்கள் மண்ணைத் தோண்டி, மேடை எழுப்பி, பீரங்கிகளை மெல்ல மெல்ல மதிலை நோக்கி நகர்த்தினார்கள். கோட்டைக்காரர்களோ எதிரி நெருங்கும் முன்பே கண்டதற்கெல்லாம் சுட்டு மருந்தைத் தீர்த்தார்கள். உதவிக்கு வரவேண்டிய கப்பற்படையைக் காற்றும் நீரோட்டமும் தடுத்துவிட்டன. ஜூன் 2இல் சரணடைந்தார்கள். லாலி கோட்டையை இடித்துத் தள்ளினார். விட்டார்களா ஆங்கிலேயர்கள்? 1761இல் புதுச்சேரி விழுந்ததும் அதன் அரண்களைத் தகர்த்துப் பழிதீர்த்தார்கள்!

சிதம்பரம் கோயிலே கோட்டை!

கோட்டை போனாலும் சண்டை ஓயவில்லை; பக்கத்துச் சிதம்பரத்தையும் விடவில்லை. நடராஜர் சன்னதியைச் சுற்றிப் பீரங்கியா? ஆமாம்! உயர்ந்த மதில்களும் நான்கு கோபுரங்களும் யாருக்குத்தான் ஆசை காட்டாது? 1753இல் பிரெஞ்சுக்காரர்கள் உள்ளே நுழைந்தார்கள். பின்னர் மைசூரின் ஹைதர் அலி அரண்களைப் பலப்படுத்திக் காவற்படை வைத்தார். 1781 ஜூனில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் அதைத் தாக்கி, முடியாமல் பின்வாங்கினார். ஆனால் ஜூலை 1இல் பரங்கிப்பேட்டை அருகே, ஏறக்குறைய 8,000 பேரோடு, பல மடங்கு பெரிய ஹைதர் படையை வென்றுவிட்டார்!

சமாதானம் ஆன பிறகு சண்டை!

இதுதான் எல்லாவற்றையும் மிஞ்சும் சங்கதி. அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரான்ஸ் அமெரிக்கர் பக்கம் நின்றதால் சண்டை நம் கடலுக்கும் வந்தது. 1783 ஜூனில், மறுபடி பிரெஞ்சுக்காரர் வசமாகி, அவர்களின் தளபதி புஸ்ஸி கையில் இருந்த கடலூரை ஆங்கிலேயர் முற்றுகையிட்டார்கள். ஆங்கிலேயத் தளபதி ஜேம்ஸ் ஸ்டூவர்ட், இரண்டு ஆண்டுகளுக்கு முன் பொள்ளிலூர்ப் போரில் பீரங்கிக் குண்டுக்கு ஒரு காலைப் பறிகொடுத்தவர்! ஜூன் 20இல் கடலில் மோதல். பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரானிடம் 15 கப்பல்கள், ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஹியூஸிடம் 18. சஃப்ரானிடம் பீரங்கி இயக்க ஆள் போதவில்லை. கடலூர்க் காவற்படையிலிருந்து 1,200 பேரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டார்! ஹியூஸ் மதராஸுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

மாதக் கடைசியில் வெள்ளைக் கொடியுடன் செய்தி வந்தது: பிரிட்டனும் பிரான்சும் ஜனவரி 20ஆம் தேதியே வெர்சாயில் முதற்கட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாயிற்று! அந்தச் செய்தி வந்து சேர்வதற்குள் இங்கே அத்தனை பேர் செத்து மடிந்திருந்தார்கள். எதற்காகச் செத்தார்களோ அந்தக் கடலூர், ஒரு குண்டும் வெடிக்காமல் 1785இல் ஆங்கிலேயரிடமே திரும்பிப் போனது.

அமெரிக்கச் சுதந்திரப் போரோடு மூண்ட அந்த உலகச் சண்டையின் கடைசிப் பெரிய மோதல் எங்கே நடந்தது என்று யாராவது கேட்டால், யார்க்டவுன் என்று சொல்லிவிடாதீர்கள். கடலூர் என்று சொல்லுங்கள்!