பதினாறு வயசுப் பையனுக்கு என்ன வைப்பது?

ஐப்பசி பிறக்கும் முன்பே தீபாவளிப் பரிசுக்காகச் சென்னை அடுக்ககங்களில் காலி அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கிவிடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பொது ஹாலில் ஜமுக்காளத்தை விரித்து, குழந்தைகள் இல்லத்திலிருந்து வந்த பட்டியலை நடுவில் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பெட்டியாகக் கட்டுவார்கள். ஐந்து வயதுப் பெண் குழந்தையின் பெட்டி பத்தே நிமிடத்தில் நிரம்பிவிடும். கிரேயான், பொம்மை, பூப்போட்ட கிளிப், வளையல் செட். மூடியை அமுக்கித்தான் மூட வேண்டியிருக்கும். ‘ஆண், 16’ என்று எழுதிய பெட்டியில் ஒரு பேனாவும் பிஸ்கட் பாக்கெட்டும் மட்டும் கிடக்கும். “பெரிய பையனுக்கு என்னங்க வைக்கிறது?” என்று யாராவது கேட்பார்கள். கேள்விக்குப் பதிலாக ஒரு நோட்டு அதில் விழும்.

தலைக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் துணி, இனிப்பு, கையில் வைத்து மகிழ ஒரு பொருள் மூன்றும் அடங்க வேண்டும். கைதேர்ந்தவர்கள் துணியை ஆடித் தள்ளுபடியிலேயே எடுத்துவிடுகிறார்கள். மொத்தமாக வேண்டுமென்றால் பாரிமுனைப் பக்கம் துணிக்குக் கொடவுன் தெரு, காகிதத்துக்கும் எழுதுபொருளுக்கும் ஆண்டர்சன் தெரு. சீப்பு, நகவெட்டி, சோப்புப் பெட்டி எல்லாம் டஜன் கணக்கில் வாங்கினால் சில்லறை விலையைவிட நன்றாகக் குறையும். ஆடியில் எடுக்கும் துணியை ஒரு சைஸ் கூட்டி எடுக்க வேண்டும். மூன்று மாதத்தில் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். வயதைக் கேட்டு வாங்குவதும் ஆபத்து. ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பேரில் ஒருவனுக்கு 30ஆம் நம்பர் சட்டை, இன்னொருவனுக்கு 34. இல்லக் காப்பாளரிடம் சைஸ் பட்டியல் வாங்கப் போன் செலவைத் தவிர வேறு செலவில்லை.

பட்ஜெட் ஓட்டையாவது நோட்டில்தான். 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ரப்பருக்கு ஜிஎஸ்டி கிடையாது. விலை கைக்கு அடக்கம், பெட்டியில் வைத்தால் நிறைவாகவும் தெரியும். ஆனால் இல்லங்களில் வளரும் பிள்ளைகள் பெரும்பாலும் அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ படிக்கிறார்கள். பாடநூல், நோட்டு, சீருடை, புத்தகப் பை, சின்ன வகுப்புக்குக் கிரேயான், கலர் பென்சில், ஆறாம் வகுப்பிலிருந்து ஜியாமெட்ரி பாக்ஸ் என்று தமிழக அரசே விலையில்லாமல் கொடுக்கிறது. ஏற்கெனவே அலமாரியில் இருப்பதையே மறுபடி ரிப்பன் சுற்றிக் கொடுத்தால் தீபாவளிப் பரிசாகுமா?

இனிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பால் இனிப்பு வேண்டாம். பெட்டி கட்டிப் பிரிப்பதற்குள் கெட்டுவிடும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு வாங்கியது. விலை குறைவு, நாள் தாங்கும், சத்தும் உண்டு. அதுவே போதும்.

துணி விஷயத்தில் சிக்கனம் ஒரு காயத்தை உண்டாக்கிவிடுகிறது. ஒரே கட்டில் நாற்பது சட்டை எடுத்தால் விலை படியும் என்று எல்லாருக்கும் ஒரே கட்டம், ஒரே நீலம் என எடுத்துவிடுகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது விளையாட்டு. தீபாவளியன்று கடைத்தெருவுக்குப் போகும் பதினைந்து வயதுப் பையனுக்கு அது முதுகில் தொங்கும் பலகை. ‘ஹோம் பசங்க’ என்று பார்க்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள். அவன் கூடப் படிக்கிற பெண்ணும் அதே தெருவில் நடந்து வரக்கூடும். கட்டுக்குள்ளேயே நாலு டிசைன் கலந்து தரச் சொன்னால் பெரும்பாலான மொத்தக் கடைகளில் விலை ஏறாது. கேட்க வேண்டும் என்று தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

பெரிய பிள்ளைகளை மறப்பது நம்மூர்ப் பழக்கம் மட்டுமல்ல. 1990இல் ருமேனியாவின் அநாதைக் குழந்தைகளுக்காக பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் தொடங்கிய கிறிஸ்துமஸ் ஷூ டப்பா வழக்கம் பின்னர் அமெரிக்காவுக்குப் போய் உலகெங்கும் பரவியது. அங்கே டப்பாக்களை வயதுவாரியாகப் பிரிக்கிறார்கள்: 2 முதல் 4, 5 முதல் 9, 10 முதல் 14. இதில் ஆண்டுதோறும் குறைவாக வந்து சேர்வது 10 முதல் 14 வயதுப் பையன்களுக்கான டப்பா. அதற்கு மேற்பட்ட வயதுக்கு அங்கே டப்பாவே இல்லை.

குழந்தை என்றதும் மனக்கண்ணில் வருவது தவழ்கிற பிள்ளை. சட்டமோ வேறு கணக்குச் சொல்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி 18 வயது நிறையாத எவரும் குழந்தைதான். மீசை அரும்பியவனும் அதில் சேர்த்தி, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படிக்கிறவளும் சேர்த்தி. நன்கொடை தருகிறவர்கள் ஒரு தடவையாவது பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படித்துப் பார்க்க வேண்டும். பதினேழு வயதுப் பெட்டியை முதலில் கட்டிவிட்டு மிச்சப் பணத்தில் சின்னவர்களுக்கு வாங்கினால் என்ன குறைந்துவிடும்? ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பம்பரமும் பலூனும் போதும். பெரியவர்களின் தேவைதான் காசு கேட்கிறது.

அந்தத் தேவையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உள்ளாடையை எந்த நன்கொடையாளரும் வாங்குவதில்லை, கூச்சம். பையன்களுக்கு ஜட்டி, பனியன், ஷேவிங் ரேசர். பெண்களுக்குச் சரியான அளவில் உள்ளாடையும் நாப்கினும் அவற்றைப் போட்டு வைக்க ஜிப் வைத்த துணிப் பையும். நாப்கினுக்கு 2018 ஜூலையிலேயே ஜிஎஸ்டி நீக்கப்பட்டுவிட்டது. அப்புறம் ஒரு டென்னிஸ் பந்து. இல்லத்து முற்றத்தில் கிரிக்கெட் நிற்காமல் நடக்கும், பந்து சுவருக்கு அப்பால் போய்த் தொலைந்துகொண்டே இருக்கும். இதையெல்லாம் கூட்டினாலும் 500 ரூபாய்க்குள் ஒரு பூட்டுக்கு இடம் மிஞ்சும்.

பூட்டு என்றால் டிரங்குப் பெட்டிக்குப் போடுகிற சின்னப் பூட்டு. முப்பது பேர் படுக்கிற கூடத்தில் ஒரு பிள்ளைக்குத் தனக்கென்று இருக்கிற இடம் அந்தப் பெட்டி ஒன்றுதான். அம்மாவின் போட்டோ, சேர்த்து வைத்த பத்து ரூபாய், யாருக்கோ எழுதி அனுப்பாத கடிதம், எல்லாம் அதற்குள்.

பெட்டி கட்டும் நேரத்துக்குப் பணமாகவே இல்லத்துக்குக் கொடுத்துவிடலாமே என்கிறவர்களும் உண்டு. பண்டிகையன்று தன் பெயர் எழுதிய பெட்டியைத் தானே பிரிக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் அதை ஒப்புவதில்லை.

அந்த முகத்தைப் படம் எடுப்பதில்தான் தப்பு நடக்கிறது. பராமரிப்பில் உள்ள குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. வாட்ஸ்அப் குழுவுக்குக் கட்டி அடுக்கிய பெட்டிகளைப் படம் எடுத்து அனுப்பினாலே போதும். சின்னக் குழந்தை கேமராவுக்குச் சிரித்துவிடும். பெரியவன் தலையைக் குனிந்துகொள்வான், அந்தப் படம் நாளைக்குத் தன் வகுப்புத் தோழனின் போனுக்கும் வரும் என்று அவனுக்குத் தெரியும்.

பட்டியலின் கடைசி வரியில் பதினேழரை வயதுப் பையன் ஒருவன் இருப்பான். சித்திரையில் அவனுக்குப் பதினெட்டு நிறைகிறது என்றால் அடுத்த தீபாவளிக்கு அந்த இல்லத்தில் இருக்க மாட்டான். 21 வயது வரை பிற்காப்பு உதவி தரச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனாலும் தட்டு, துணி, சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போக வேண்டியவன் அவன். அவனுக்கு அட்டைப்பெட்டி உதவாது. அதே 500 ரூபாய்க்குப் பாரிமுனையில் ஒரு தோள்பை கிடைக்கும். சான்றிதழ் மடங்காமல் வைக்க உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஃபைல், ஒரு துண்டு, ஒரு சட்டை, இரண்டு சாவியோடு அந்தப் பூட்டு.